பத்தில் ஒரு பொய்க் கேள்வி

போன மாதம் ஒரு நாள் காலையில் நந்தினி போனில் அழைத்தாள். நான் வேலையை விட்டு அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. கோவையில் ஒரு மாடி அறையில் இயங்கும் எங்கள் எழுத்துத் திருத்தும் அலுவலகத்தில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

“ஐயா, அமராவதி ஆறு கோயமுத்தூருக்குள்ள ஓடுதுன்னு ஒருத்தர் ஒத்துக்கிட்டாருங்க” என்றாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வெளியாருக்கு இதை விளக்க வேண்டும். எங்களிடம் ஆய்வேடுகள் வரும், ஓய்வுபெற்றவர்களின் வாழ்க்கை வரலாறுகள் வரும், கல்லூரியில் இடம் கேட்டு எழுதும் கடிதங்கள் வரும். படித்துப் பார்த்து, எங்கே என்ன மாற்றலாம் என்று ஒரு கேள்விப் பட்டியல் எழுதி எழுதியவருக்கே அனுப்புவோம். அந்தப் பட்டியலில் பத்துக்கு ஒரு கேள்வி பொய். நாங்களே தெரிந்து கலப்பது. எழுதியவர் கண்ணில் பட்டால் ‘இது தப்பு’ என்று அடித்துவிட வேண்டும். அதற்கும் அவர் ‘சரி’ என்று போட்டிருந்தால், மற்ற ஒன்பதுக்குப் போட்ட ‘சரி’யும் செல்லாது. அவரை நேரில் உட்காரவைத்து முதலிலிருந்து தொடங்குவோம். எது பொய் என்பதைத் தனிச் சீட்டில் குறித்து மேசை இழுப்பறையில் வைத்திருப்போம். அந்தச் சீட்டை ஒப்பிட்டுப் பார்க்காமல் எதுவும் அச்சுக்குப் போகாது.

நந்தினி சொன்னவர் தாராபுரம் பக்கத்துக்காரர், ஓய்வுபெற்ற அதிகாரி. தன் வாழ்க்கையை எழுதியிருக்கிறார். அதே அமராவதி ஆற்றங்கரையில் பிறந்தவர். கணினியில் போன எண்பது கேள்விகளையும் ஒரே பொத்தானை அழுத்தி மொத்தமாக ஏற்றுக்கொண்டுவிட்டார். புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள், “கம்ப்யூட்டரே திருத்துது, இந்தப் பொய்க் கேள்வி நாடகமெல்லாம் எதுக்குங்க?” என்று கேட்கிறார்களாம். இது எப்படி வந்தது என்று எழுதித் தந்தால் அவர்களுக்குப் படித்துக் காட்டுவேன் என்றாள்.

எழுதுகிறேன். அதில் என் தப்பு ஒன்று இருக்கிறது. அதை மறைத்தால் கதை நிற்காது.

நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். வீட்டில் யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. பல்லடத்தில் ஒரு தறிக்குடோனில் நான்கு வருடம் நின்றேன். பிறகு கோழிப்பண்ணை. அங்கே தூசியில் இருமல் வந்து நிற்கவில்லை என்பதால் லாரியில் கிளீனர். லாரி பாலக்காட்டில் நின்றுபோனபோது அங்கேயே ஒரு ஓட்டலில் ஆறு மாதம். பல்லடத்தை விட்ட பிறகு எந்த இடத்திலும் இரண்டு மழைக்காலம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. கையில் கிடைத்த காகிதத்தைப் படிக்கும் பழக்கம் மட்டும் எல்லா ஊருக்கும் கூடவே வந்தது. பஜ்ஜி மடித்த தாளையும் படிப்பேன். கடைசியில் கோவையில் ஒரு அச்சகத்தில் காகிதக் கட்டுத் தூக்கப் போனேன். இரவில் அந்தக் கட்டுகள் மேலேயே படுக்கை.

அந்த அச்சகத்துக்கு ஒரு கருமாதிப் புத்தகம் வந்தது. இறந்துபோன பெரியவரைப் பற்றிப் பிள்ளைகள் எழுதி, வந்தவர்களுக்குக் கொடுக்கும் சிறிய நூல். மெய்ப்பு படிக்க வந்திருந்த அம்மா ஒருவர் அதைப் படித்துக்கொண்டிருந்தார். நான் கட்டை இறக்கிவைத்துவிட்டு, அவர் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு, “பெரியவர் எறந்து ரெண்டு வருசம் கழிச்சுப் பேத்தி கண்ணாலத்துல ஆசீர்வாதம் பண்றாருங்களே” என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். தேதிகளை ஒப்பிட்டார். பென்சிலைக் குறுக்கே வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தார். “நாளைக்கு எங்க ஆபீசுக்கு வர்றீங்களாண்ணா?” என்றார்.

அவர்தான் ஜெசிந்தா மேடம். என்னைவிட எட்டு வயது இளையவர். மிஷன் பள்ளியில் தமிழாசிரியை வேலையை விட்டுவிட்டு இந்த அலுவலகத்தைத் தொடங்கியவர். சனிக்கிழமை மதியம் தங்கள் பங்குக் கோயிலின் மாத இதழையும் திருத்திக் கொடுப்பார். என்னைக் கடைசிவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டார். நான் மேடம் என்றேன். எனக்கு வேலை சொல்லிக்கொடுக்க அவருக்கு ஒரு வருடம் பிடித்தது. அதை விவரிக்கத் தேவையில்லை. ஒரு வருடம் அவர் எனக்குப் பென்சிலைக் கொடுக்கவில்லை என்பதைச் சொன்னால் போதும்.

அவர் முறை இது. ஒரு கையெழுத்துப் பிரதி வந்தால் முதலில் நகல் எடுக்க வேண்டும். மூலப்பிரதியை வெள்ளை நாடாவால் கட்டி இரும்புப் பீரோவில் வைத்துவிட வேண்டும். நூல் வெளிவந்து ஒரு வருடம் ஆகும்வரை அந்த நாடாவை யாரும் அவிழ்க்கக் கூடாது. முதல் வாசிப்பில் கையில் எதுவும் இருக்கக் கூடாது. இரண்டு உள்ளங்கையும் மேசைமேல். இரண்டாம் வாசிப்பில் பென்சில், அதுவும் இடது ஓரத்தில் கேள்வி மட்டும். மூன்றாம் வாசிப்பை எழுதியவர்தான் செய்ய வேண்டும், வாய்விட்டு, எங்கள் முன்னால். எங்கே அவர் குரல் தடுக்குகிறதோ அங்கே நாங்கள் ஒரு புள்ளி வைப்போம். மாற்றம் எல்லாம் எழுதியவர் கையெழுத்தில். ஓரத்தில் அவர் சுருக்கொப்பம். பிறகுதான் மை.

நன்றியுரையை மட்டும் நாங்கள் தொடுவதில்லை. பக்க எண் போடுவதோடு சரி. “நன்றி சொல்றவங்களுக்கும் வாங்கிக்கிறவங்களுக்கும் நடுவுல நமக்கு என்னண்ணா வேலை?” என்பார்.

யாரையும் அவர் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. தப்பு கண்ணில் பட்டால் பென்சிலைக் குறுக்கே வைப்பார், தண்ணீர் குடிப்பார். இரண்டு வாய் குடித்தால் தப்பு பெரியது என்று அர்த்தம்.

திருத்துவது என்றால் பிழை பிடிப்பது என்றுதான் நான் முதலில் நினைத்திருந்தேன். அதை மாற்றியது ஒரு மில்காரர். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். தாத்தா பருத்தி விதைத்தவர், இவர் மூன்று ஆலைகளைக் கட்டியவர். வாழ்க்கை வரலாறு எழுதிக்கொண்டு வந்தார், நானூறு பக்கம். நாற்பது பக்கத்துக்கு ஒரே ஒரு இயந்திரத்தை இறக்குமதி செய்த கதை. மனைவி இறந்தது இரண்டு வரி. நான் இயந்திரப் பகுதியில் முப்பது கேள்வி எழுதியிருந்தேன். மேடம் அதையெல்லாம் படித்துவிட்டு, அந்த இரண்டு வரிக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் எழுதினார்: ‘இங்கே மட்டும் ஏன் இவ்வளவு வேகம்?’

மில்காரர் அதைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். கோபம் என்றுதான் நினைத்தோம். மூன்று வாரம் கழித்து பதினொரு பக்கத்தோடு வந்தார். ஆஸ்பத்திரியில் மனைவி கடைசியாகக் கேட்ட சாப்பாடு, அதை வாங்கப் போன இடத்தில் அவர் ஒரு வியாபாரப் பேச்சில் நின்றுவிட்டது, திரும்பியபோது கட்டில் காலியாக இருந்தது. அந்தப் பதினொரு பக்கத்தில் நாங்கள் இரண்டு இடத்தில் முற்றுப்புள்ளி வைத்தோம், அவ்வளவுதான். நாற்பது பக்க இயந்திரத்தை அவரே ஆறு பக்கமாக வெட்டிவிட்டார். புத்தகம் வந்த பிறகு அவருடைய மகள் வந்து மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

இப்படி இருந்த இடத்திலும் நான் ஒழுங்காக இருக்கவில்லை. இரண்டு தடவை சொல்லாமல் கிளம்பிப் போனேன். ஒரு தடவை தொண்டாமுத்தூரில் ஒரு தென்னந்தோப்பில் யானைக்குக் காவல். திரும்பி வந்தபோது மேடம், “யானை வந்துச்சாண்ணா?” என்று மட்டும் கேட்டு, நான் பாதியில் விட்டுப்போன பிரதியை எடுத்து வைத்தார்.

இனி மேகலாவின் ஆய்வேடு.

மேகலா பல்லடத்துப் பெண். கல்லூரி ஒன்றில் தற்காலிகமாகப் பாடம் எடுத்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். விசைத்தறிக் குடோன்களில் வேலை செய்யும் இருபத்திரண்டு பெண்களிடம் மூன்று வருடம் பேசி எழுதியிருந்தாள். தமிழில் எழுதிய ஆய்வேடு. ஒவ்வொரு இயலாக எங்களுக்கு வந்தது. தறி என்றதும் மேடம் அதை என்னிடம் தந்துவிட்டார். “நீங்க நின்ன எடம்தானேண்ணா.”

மூன்றாம் இயலில் அந்த இருபத்திரண்டு பெண்களையும் அறிமுகப்படுத்தியிருந்தாள். அதில் பதினான்கு பேரைப் பற்றி ஒரே மாதிரி இரண்டு வாக்கியம். பதிவேட்டில் இவர் தார் சுற்றுபவர் என்று ஒரு வாக்கியம். இவர் எட்டுத் தறி ஓட்டுகிறார் என்று அடுத்த வாக்கியம். ஊடை நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுப்பது தார் சுற்றுவது. உட்கார்ந்து செய்யும் வேலை. தறி ஓட்டுவது வேறு, கூலியும் வேறு. நான் இருந்த காலத்தில் ஆண்கள்தான் ஓட்டினார்கள், அதுவும் ஆளுக்கு நான்கு தறி. பெண்கள் தார் சுற்றினார்கள். எட்டுத் தறியை ஒரு பெண் ஓட்டுவதை நான் கண்டதில்லை. ஒரே ஆளைப் பற்றி இரண்டு விதமாக எழுதியிருக்கிறாள், பொண்ணு குழம்பிவிட்டாள் என்று முடிவு செய்தேன்.

முறைப்படி அவள் நேரில் வந்து வாய்விட்டுப் படித்திருக்க வேண்டும். கல்லூரியில் விடுப்புக் கிடைக்கவில்லை என்றாள். சரி, போனிலேயே முடித்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அவளைப் படிக்கச் சொல்லாமல் நானே படித்துக் காட்டினேன். ஒரு எடத்துல ஒண்ணு, இன்னொரு எடத்துல ஒண்ணு இருக்குது கண்ணு, தறி ஓட்டறதை எடுத்துப்போட்டேன், தார் சுத்தறதை வெச்சிருக்கேன், நான் தறியில நாலு வருசம் நின்னவன் என்றேன்.

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“அப்படிங்களாய்யா. சரிங்க” என்றாள்.

பதினான்கு இடத்துக்கும் பதினான்கு தடவை சரிங்க. பிறகு தாளை அனுப்பினேன். பதினான்கு இடத்திலும் சுருக்கொப்பம் போட்டுத் திருப்பி அனுப்பினாள். அழகான சின்னக் கையெழுத்து.

நான்காம் இயல் வந்தது, ஐந்தாவது வந்தது. ஐந்தாம் இயலில் ‘சில வேளைகளில் பெண்கள் தறியையும் பார்த்துக்கொள்வதுண்டு’ என்று ஒரு வரி இருந்தது. தெளிவான வரி என்று ஓரத்தில் சரிக்குறி போட்டேன். அவளுடைய நெறியாளரும் மொழி நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்தில் கொடுக்கக் கடைசி நாள். ஏற்கெனவே ஒரு தடவை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. அதைத் தவறவிட்டால் பதிவே ரத்தாகும், மூன்று வருட வேலையும் போகும். திங்கட்கிழமை காலையில் ஐந்து பிரதிக்கான தாள்களும் அடுத்த தெருவில் சண்முகத்தின் பைண்டிங் கடைக்குப் போய்விட்டன. நன்றியுரை மட்டும் பாக்கி. அது மதியம் தபாலில் வந்தது. கையால் எழுதிய ஒரு பக்கம்.

பக்க எண் போடத்தான் எடுத்தேன். எண் போடும்போது கண் சும்மா இருக்குமா? கடைசிப் பத்தி இப்படி இருந்தது: ‘பத்தொன்பது ஆண்டுகளாக எட்டுத் தறிகளை ஒற்றை ஆளாக ஓட்டி, அந்த இரைச்சலிலும் எந்தத் தறியில் இழை அறுந்தது என்று காதாலேயே கண்டுபிடிக்கும் என் அம்மா சரஸ்வதிக்கு.’

மூன்றாம் இயலை எடுத்தேன். ஒன்பதாவது பெண், சரஸ்வதி, வயது நாற்பத்தேழு, தார் சுற்றுகிறார். அது என் மாற்றம். பக்கத்தில் மகளின் சுருக்கொப்பம்.

தாளை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் படித்தார். பென்சிலைக் குறுக்கே வைத்தார். ஒரு டம்ளர் தண்ணீரையும் முழுக்கக் குடித்தார்.

“நாடாவை அவுப்போமுங்களாண்ணா?” என்றார்.

மூலப்பிரதியை எடுத்து இரண்டு பேரும் அந்த இயலை ஆரம்பத்திலிருந்து படித்தோம். முன்பு நான் குழப்பம் என்று நினைத்தது இப்போது தெளிவாக இருந்தது. முதலாளிகளின் பதிவேட்டில் அந்தப் பெண்கள் தார் சுற்றுபவர்கள். உண்மையில் ஓட்டுவது தறி. ஆண்கள் பனியன் கம்பெனிக்குப் போய்விட்ட பிறகு குடோன்களைத் தாங்குவது இவர்கள். பெயரும் மாறவில்லை, கூலியும் மாறவில்லை. அந்த முரண்தான் அவள் கண்டுபிடித்தது. ஆய்வு முழுவதும் அதன்மேல்தான் நின்றது. பதிவேட்டுக்காரர்கள் பத்தொன்பது வருடமாகச் செய்ததை நான் ஒரு மதியத்தில் பென்சிலால் செய்து முடித்திருந்தேன்.

மேடம் சண்முகத்துக்குப் போன் செய்து நிறுத்தச் சொன்னார். ஒரு பிரதிக்குப் பசை போட்டாகிவிட்டது, நாலு மிச்சம் என்றாராம். நான் என் பையைத் தோளில் போட்டேன். மேடம் பார்த்துவிட்டார். நான் எங்கே கிளம்புவேன் என்று அவருக்குத் தெரியும்.

“ஊரை உட்டுப் போறதுன்னா வெள்ளிக்கெழமைக்கு அப்புறம் போங்கண்ணா. நாளைக்குப் பல்லடம் போயிட்டு வாங்க” என்றார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். மேகலா படிப்பு விடுப்பில் வீட்டில்தான் இருந்தாள். என்னை வாசலில் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. வீட்டை ஒட்டியே குடோன். உள்ளே போனேன். நான் நின்ற காலத்து அதே இரைச்சல், அதே எண்ணெய் வாசனை. நடுப்பாதையில் ஒல்லியாக ஒரு அம்மா. இரண்டு பக்கமும் நான்கு நான்கு தறி. நடந்துகொண்டே இருந்தார். ஒரு தறியில் ஊடை நூலோடு ஓடும் நாடாவை மாற்றும்போதே தலை அடுத்த தறிப் பக்கம் திரும்பியது. அங்கே இழை அறுந்திருந்தது. எனக்குக் கேட்கவே இல்லை. நான் போய் அந்த இழையை முடிந்து கொடுக்கப் பார்த்தேன். விரல் பழகவில்லை. இரண்டு தடவை நழுவியது. அவர் வந்து என் கையை மெதுவாக விலக்கிவிட்டு முடிந்து தறியைத் தட்டிவிட்டார். கரண்டு நின்ற பிறகுதான் பேச முடிந்தது.

“நீங்களும் தறியில நின்னீங்கன்னு புள்ள சொல்லுச்சுங்க. எந்தக் காலத்துலீங்க?” என்றார்.

கேலியா, கேள்வியா என்று தெரியவில்லை.

வீட்டில் காப்பி கொடுத்தார்கள். தப்பு என்னுடையது என்று சொன்னேன். மேகலா தலையைக் குனிந்துகொண்டு அப்படியெல்லாம் இல்லீங்கய்யா என்றாள். அப்புறம் ஏன் கண்ணு சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். இரண்டு தடவை கோவை பஸ்ஸில் ஏறி சூலூர்வரை வந்து திரும்பியிருக்கிறாள். போனில் எண்ணைப் போட்டுவிட்டு வைத்திருக்கிறாள். கடைசியில் ஐந்தாம் இயலை என் திருத்தத்துக்கு ஒத்துப்போகும்படி மாற்றி எழுதிவிட்டாள்.

“நீங்க அவ்வளவு பாடுபட்டுத் திருத்தியிருக்கீங்க. வயசுல பெரியவங்க. தறியில நின்னேன்னு வேற சொன்னீங்க. உங்களைப் பாத்து இல்லைன்னு எப்படிங்கய்யா சொல்றது?” என்றாள்.

சரஸ்வதியம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மகளைத் திட்டவில்லை. “பெரியவங்க சொன்னா இல்லைங்காதேன்னு நாந்தாங்க வளத்துப்போட்டேன்” என்றார். பிறகு மகளைப் பார்த்து, “மொதல்ல எளுதுனது துணிப்பெட்டியில கெடக்குதல்ல. எடுத்துக் குடு அம்மணி” என்றார்.

அவள் எடுத்து வந்தாள். ஐந்தாம் இயலின் முதல் வடிவம், அறுபது பக்கம், சேலை மடிப்புக்குள். கிழித்துப்போட மனசு வரவில்லை என்றாள். அதைக் கையில் வாங்கியபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

புதன்கிழமை காலை மேகலா அலுவலகத்துக்கு வந்தாள். மேடம் அவளை மேசைக்கு எதிரே உட்காரவைத்தார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பென்சிலை என் முன்னாலிருந்து எடுத்து இழுப்பறையில் போட்டார். இரண்டு உள்ளங்கையும் மேசைமேல். இருபது வருடம் வேலை செய்தவனுக்கு முதல் வருடத்துப் பாடம்.

மேகலா வாய்விட்டுப் படித்தாள். பதினான்கு இடங்களையும் தன் கையாலேயே எழுதினாள். ஐந்தாம் இயலில் மேடம் கேள்வி கேட்கத் தொடங்கினார். அங்கேதான் பிரச்சினை. எதைக் கேட்டாலும் அவள், “மாத்திக்கலாமுங்க மேடம்” என்றாள். இந்தப் பத்தி முன்னால் வரலாமா? வரலாமுங்க. இந்த அட்டவணை தேவையா? எடுத்துரலாமுங்க. இங்கே இருப்பதே நல்லதோ? ஆமாங்க, இருக்கட்டுங்க. இப்படியே போனால் இன்னொரு தடவை ஆய்வேட்டைக் கெடுத்துவிடுவோம் என்று எனக்குப் பயமாகிவிட்டது.

மேடம் நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். பிறகு அதே சாந்தமான குரலில், “இந்தப் பல்லடம் அறிமுகத்துல, ‘கடற்கரை ஊர் என்பதால்’னு ஒண்ணு சேத்துக்கலாமுங்களா மேகலா?” என்றார்.

“சேத்துக்கலாமுங்க மே—”

வாயை மூடிக்கொண்டாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். மேடம் முகத்தில் ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தாள்.

“இல்லீங்க மேடம்” என்றாள்.

“இன்னொருக்கா சொல்லுங்க.”

“இல்லீங்க மேடம். பல்லடத்துல கடல் இல்லீங்க.”

“இப்ப அந்த அட்டவணைக்கு வருவோம். எடுக்கட்டுங்களா, வெக்கட்டுங்களா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “வெச்சுத்தானுங்க ஆகணும். அதுலதான் கூலிக் கணக்கு இருக்குதுங்க” என்றாள்.

அதன் பிறகு ஒவ்வொரு பத்துக் கேள்விக்கும் மேடம் இப்படி ஒரு பொய்க் கேள்வியைக் கலந்தார். வியாழன் மதியத்துக்குள் அவள் ஒவ்வொன்றையும் உடனே பிடிக்கப் பழகிவிட்டாள். நடுநடுவே உண்மையான கேள்விகளுக்கும் இல்லீங்க என்றாள். ஏழு இடத்தில் எங்கள் யோசனை தப்பு என்று காட்டினாள். மூன்று இடத்தில் எங்கள் யோசனையைவிட நல்லதை அவளே எழுதினாள். ஆய்வேடு அப்போதுதான் உருப்பட்டது. பத்துக்கு ஒரு பொய்க் கேள்வி எங்கள் முறையானதும் அன்றிலிருந்துதான். அன்று சாயங்காலம் நெறியாளரிடம் போய்த் திரும்பக் கையெழுத்து வாங்கினாள். “இதைத்தானேம்மா மூணு வருசமா எங்கிட்டச் சொல்லிக்கிட்டிருந்தே” என்றாராம் அவர். வெள்ளிக்கிழமை காலை சண்முகம் கட்டிக் கொடுத்தார். பதினொரு மணிக்குப் பல்கலைக்கழகத்தில் ஏற்றுக்கொண்டார்கள். மேடத்துக்குப் போன் வந்ததும் என்னைப் பார்த்து, “இப்ப போறதுன்னா போயிட்டு வாங்கண்ணா” என்றார். நான் போகவில்லை. அதற்குப் பிறகு எங்கேயுமே போகவில்லை. ஏன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது.

புதிய பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கணினி பிழையைப் பிடிக்கட்டும். என் கண்ணைவிட அது நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் நம் ஊர்க்காரர்கள் தமக்காகப் பாடுபட்டவரின் மனம் நோக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். தாராபுரத்துப் பெரியவரும் அப்படித்தான். நீங்கள் எண்பது கேள்வி எழுதியிருக்கிறீர்கள், மறுத்தால் வருத்தப்படுவீர்கள் என்று அந்தப் பொத்தானை அழுத்தியிருப்பார். அவர் வந்து உட்காரட்டும். காப்பி கொடுங்கள். எங்கெல்லாம் நாங்கள் தப்பு செய்திருக்கிறோம் என்று கேளுங்கள்.

ஆய்வேடு கொடுத்து எட்டு மாதம் கழித்து மேகலாவின் வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். மேடமும் நானும் பின்வரிசையில் இருந்தோம். முன்வரிசையில் சரஸ்வதியம்மாவும் பல்லடத்துப் பெண்கள் ஐந்து பேரும். ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர், பெரிய படிப்பாளி. ஆய்வேட்டைப் பாராட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, நானும் நெசவைப் பற்றிக் கொஞ்சம் அறிந்தவன், பெண்கள் தார் சுற்றுவதுதான் வழக்கம், எட்டுத் தறியை ஒரு பெண் ஓட்டுகிறாள் என்பது மிகையாக இருக்கிறதே, அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம் இல்லையா அம்மா என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். போனில் நான் பேசிய அதே தொனி.

மேகலா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மேடத்தின் கை தண்ணீர் பாட்டிலைத் தேடியது.

“இல்லீங்கய்யா” என்றாள் மேகலா.

பிறகு இருபது நிமிடம் பேசினாள். தேர்வாளர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு குறிப்பெடுத்தார். கடைசியில் அவரே எழுந்து முன்வரிசைக்கு வந்து சரஸ்வதியம்மாவைக் கும்பிட்டார்.

எல்லாம் முடிந்து மாடிப்படி இறங்கும்போது சரஸ்வதியம்மா என் பக்கத்தில் வந்தார். முகத்தில் சந்தோஷத்தைவிடக் கவலை அதிகமாக இருந்தது.

“ஏனுங்க, அவ்வளவு பெரிய மனுசன் மூஞ்சியப் பாத்து எம் புள்ள இல்லைன்னு சொல்லிப்போட்டாளே. தப்பா நெனைச்சுக்குவாருங்களா?”

“இல்லீங்க” என்றேன்.